எண்ணி வைத்த கூடுகள்

எங்கள் குசினியில், உடுப்பு மாற்றும் அறையின் தட்டில், ஒரு களிம்புக் குழாய் எப்போதும் இருக்கும். அதை யார் வாங்கி வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. முடிகிறபோது யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிற எங்களுக்கு நாரி நோ என்பது சம்பளத்தோடு சேர்ந்து வருகிற ஒன்று. இரவு வேலை முடிந்து கடைசி மெத்ரோவுக்கு ஓடுமுன் நாரியிலும் முழங்காலிலும் அதைப் பூசிக்கொள்வோம். நோ கூடியவர்கள் அதே மருந்தைக் குளிசையாகவும் போடுவார்கள். மருந்தின் பெயர் டைக்ளோபெனக். பெட்டியில் எழுதியிருக்கும் அந்தப் பெயரை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்திருக்கிறோம். அதற்குள் ஒரு வரலாறு இருப்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தோம்.

எங்களோடு வேலை செய்யும் பாய் பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தவர். ஐம்பதைத் தாண்டியவர். லாகூருக்குத் தென்மேற்கே சாங்கா மாங்கா என்றொரு காடு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் புகையிரத எஞ்சின்களுக்கு விறகு எடுப்பதற்காக நட்டு வளர்த்த காடு. அதற்குப் பக்கத்தில் அவரது ஊர். ஓரிரவு கோழி எலும்பு நிரம்பிய குப்பைப் பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டு போகும்போது அவர் தனது சிறுவயதைப் பற்றிச் சொன்னார். ஊரில் எருமை செத்தால் கயிறு கட்டி ஊரெல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போடுவார்களாம். திரும்பி வந்து கைகால் கழுவுமுன் வானத்தில் ஒரு புள்ளி தெரியுமாம். பிறகு பத்து, பிறகு ஐம்பது. மத்தியானத் தொழுகைக்குப் போகிறபோது அங்கே வெறும் எலும்புதான் கிடக்குமாம். அவர் ஊரை விட்டு வெளிக்கிட்ட 2003 இல் அந்தப் பறவைகள் இல்லை. செத்த எருமை நாட்கணக்காகக் கிடந்து நாறியது, நாய்கள் இழுத்தன. பறவைகள் எங்கே போயின என்று அவரது தகப்பனுக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர்களில் அந்தப் பறவை இல்லை என்று பாயிடம் சொன்னோம். அது உண்மை. இலங்கையில் பிணந்தின்னிக் கழுகுகள் குடியிருப்பதில்லை. செத்த மாட்டுக்குக் காகமும் நாயும்தான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு அந்தக் கதை எங்களை விடவில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கப்போய், இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் நாங்கள். படித்து முடிக்காத பாடம் கடன் மாதிரி. எங்கே போனாலும் கூடவே வரும். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து தேடிப் படித்தோம். பாயின் ஊர்ப் பறவைகளைக் கொன்றது எதுவென்று படித்த பக்கத்தில், எங்கள் தட்டில் இருக்கும் குழாயின் பெயர் இருந்தது.

*

முதலில் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் கழுகு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உயிருள்ள இரையை அடித்துப் பிடிப்பதும் கழுகு, செத்ததைத் தின்பதும் கழுகு. பழந்தமிழில் செத்ததைத் தின்பதற்கென்று எருவை, பாறு என்ற பெயர்கள் இருந்தன. தமிழ்நாட்டில் இப்பறவைகளைக் காக்கப் பாடுபடுவோர் இப்போது பாறு என்ற சொல்லைத் திரும்பவும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்களும் அதையே எழுதுகிறோம்.

பாயின் ஊரில் இருந்தது வெண்முதுகுப் பாறு. உடல் கருமை, முதுகின் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு, தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. சிறகை விரித்தால் இரண்டு மீற்றருக்கும் மேல் வரும். பாரம் ஐந்து கிலோவுக்கு முன்பின். இவ்வளவு பெரிய உடம்பைச் சிறகடித்துக்கொண்டே நாள்முழுதும் தூக்கிச் செல்ல முடியாது. எனவே வெயில் ஏறி நிலம் சூடாகும்வரை மரத்திலேயே காத்திருக்கும். சூடான காற்று மேலெழும்போது அதில் ஏறிச் சிறகசைக்காமல் வட்டமிடும். இரையைத் தேடுவது கண்ணால், மணத்தால் அல்ல. கீழே கிடக்கும் உடலை எல்லாப் பாறுகளும் காண வேண்டுமென்றும் இல்லை. ஒன்று இறங்குவதை அடுத்தது காண்கிறது, அதைக் காண்கிறது அதற்கடுத்தது. பாய் சொன்ன ஒன்று, பத்து, ஐம்பது என்ற கணக்கின் இரகசியம் இதுதான்.

தலையும் கழுத்தும் மொட்டையாக இருப்பதைக் கண்டு அருவருக்கிறோம். செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டு உண்ணும் பறவைக்கு இறகு இருந்தால் அது இரத்தத்தில் ஊறி அழுகும். பாறின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. மற்ற விலங்கைக் கொல்லக்கூடிய கிருமிகள் பல அதற்குள் போய் மடிந்துவிடும். பருந்தைப்போல இரையைக் காலால் பற்றித் தூக்கிச் செல்லும் பலம் அதற்கு இல்லை. அது எதையும் கொல்வதில்லை. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போனபின் வந்து துப்புரவு செய்துவிட்டுப் போகும்.

இன்னுமொன்று முக்கியம். ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ ஐந்தாண்டு செல்லும். நீண்டகாலம் வாழ்ந்து மெல்ல மெல்லப் பெருகும் இனம் இது. வளர்ந்த பறவைகள் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செத்தாலே தொகை சரியத் தொடங்கிவிடும். கோழியைப்போல அடுத்த ஆண்டில் ஈடுசெய்ய அதனால் முடியாது.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம் எங்கும் இவை கோடிக்கணக்கில் இருந்தன. கிராமத்து ஆலமரத்தில் இருந்தன, டில்லி நகரத்துத் தெருமரங்களிலும் கூடுகட்டின. உலகிலேயே மிக அதிகமாக உள்ள பெரிய இரைகவ்விப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று 1980களில் பறவையியலாளர்கள் எழுதினார்கள். அவ்வளவு மலிந்த ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? காகத்தை யார் எண்ணுகிறார்கள்?

*

ஆனால் ஓரிடத்தில் ஒருவர் எண்ணினார். எங்கள் கட்டுரை அவரைப் பற்றியதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் என்ற பறவைகள் சரணாலயம் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் அங்கே இரைகவ்விப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாறுகள் அழிகின்றன என்ற எண்ணம் அப்போது எவருக்கும் இல்லை. அவர் செய்தது தனது படிப்புக்கான வேலை. மரம் மரமாகப் போய்க் கூடுகளை எண்ணிக் குறித்து வைத்தார். 1987-88 பருவத்தில் 353 சோடிகள் கூடு கட்டியிருந்தன.

1990களின் நடுப்பகுதியில் அவர் மீண்டும் அங்கே எண்ணியபோது அதே மரங்களில் பாதிக்கு மேற்பட்ட கூடுகள் இல்லை. கிளைகளில் செத்த பறவைகள் தொங்கின, புதர்களுக்குள் கிடந்தன. உயிரோடு இருந்தவற்றில் பல, கழுத்தைத் தொங்கப்போட்டபடி நாட்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தன. 1990கள் முடிகிறபோது எஞ்சியவை ஒருசில சோடிகள்தான். பின்னர் அவையும் இல்லாமற் போயின.

அவர் இதை எழுதியபோது, பறவைகள் வேறெங்காவது இடம் மாறியிருக்கும் என்று சொல்வது எளிதாக இருந்தது. இல்லாமற் போனவர்களைப் பற்றி இப்படித்தான் முதலில் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே கழகத்திடம் இன்னொரு கணக்கும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் இந்தியாவின் தெருக்கள் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வாகனத்தில் சென்று கண்ணில் பட்ட இரைகவ்விப் பறவைகளை எல்லாம் எண்ணியிருந்தார்கள். 2000 இல் அதே தெருக்களில் திரும்பவும் போனார்கள். பாறுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எங்கேயும் இல்லை. 2007 வரை தொடர்ந்த கணக்கெடுப்பின்படி, 1992 இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் எஞ்சியிருந்தது ஒன்று. 99.9 வீத அழிவு. கருங்கழுத்துப் பாறு போன்ற மற்ற இரு இனங்களில் கிட்டத்தட்ட 97 வீதம். பதினைந்து ஆண்டுகளில் இது நடந்து முடிந்துவிட்டது. அழியும் ஆபத்து மிகமிகக் கூடிய இனங்களின் பட்டியலில் வெண்முதுகுப் பாறு 2000 இல் சேர்க்கப்பட்டது.

*

எதனால் சாகின்றன? பூச்சிகொல்லி என்றார்கள், உணவில்லை என்றார்கள். புதிய வைரசு ஒன்று பரவுகிறது என்பதைத்தான் பெரும்பாலானோர் நம்பினார்கள். பதில் பாயின் ஊர்ப்பக்கத்தில் இருந்து வந்தது. 2000 ஆம் ஆண்டு தொடக்கம் பாகிஸ்தான் பஞ்சாபின் பாறுக் குடியிருப்புகளில் ஒரு குழு வேலை செய்தது. சாங்கா மாங்காவும் அவற்றில் ஒன்று. லின்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க மிருகவைத்தியர் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார். சோதித்த 259 பறவைகளில் 219 இன் உள்ளுறுப்புகள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தன. அது யூரிக் அமிலம் படிந்த படிவு. சிறுநீரகம் செயலிழந்ததால் இரத்தத்திலிருந்து வெளியேற முடியாத கழிவு உறுப்புகளில் படிந்துவிட்டது.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? கிருமி தேடினார்கள், இல்லை. பாரஉலோகம், பூச்சிகொல்லி எல்லாம் தேடினார்கள், இல்லை. கடைசியில் கேள்வியை மாற்றினார்கள். பாறு தின்பது செத்த மாடு. அப்படியானால் மாடு சாகுமுன் அதற்குள் போனது என்ன? கால்நடை மருந்துக் கடைகளில் விசாரித்தபோது, வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதாக அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான், டைக்ளோபெனக். அந்த வெள்ளைப் படிவோடு செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25 இலும் மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 இல் ஒன்றிலும் இல்லை. 2004 இல் இந்த முடிவு வெளியாகியது. ஓக்ஸ் 2011 இல் காலமாகிவிட்டார்.

இந்த மருந்து 1970களில் மனிதரின் மூட்டுவலிக்காகச் சந்தைக்கு வந்தது. பின்னர் காப்புரிமை முடிந்து, இந்திய மருந்துத் தொழிற்சாலைகள் மிக மலிவாகச் செய்யத் தொடங்கியதும் 1990களில் மாட்டுக்கும் வந்தது. நொண்டும் எருதுக்கும் மடி வீங்கிய பசுவுக்கும் ஊசியாகப் போட்டார்கள். மாடு எழுந்து நடந்தது. பிழைக்காத மாடு செத்தபோது அதன் உடலில் மருந்து மிச்சம் இருந்தது. எங்கள் உடம்பு தாங்கும் மருந்தைப் பாறின் சிறுநீரகம் தாங்காது. உண்டு சில நாட்களுக்குள் செத்துவிடும். ஒரு மாட்டில் ஐம்பது பாறுகள் உண்ணும் என்பதால், நூறு மாட்டு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்குக் கோபப்பட ஓர் ஆளைக் காணவில்லை. பாறுகளை யாரும் வேட்டையாடவில்லை, வெறுத்து விரட்டவும் இல்லை. ஏழைக் கமக்காரன் ஒருவன் தனது மாட்டின் நோவைப் பார்க்கப் பொறுக்காமல் ஊசி போட்டான். எங்கள் நாரியில் நாங்கள் பூசுவது போன்ற ஒரு செயல்தான் அது. ஆனால் ஒரு மருந்தை மாட்டுக்குக் கொடுக்க அனுமதிக்கும்போது, அந்த மாட்டை அடுத்து உண்ணப்போவது எது என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. குப்பையை அள்ளுகிறவனைக் கணக்கில் எடுக்காமலே திட்டம் போடும் பழக்கம் உலகத்துக்குப் பொதுவானது.

*

பாறு போனபின் அதன் வேலை யாருடைய தலையில் விழுந்தது?

முதலில் நாய்கள். ஊரெல்லையில் கிடந்த இறைச்சியை உண்டு அவை பெருகின. நாயின் வயிறு பாறின் வயிறு அல்ல. கிருமியை அது அழிப்பதில்லை, காவுகிறது. உலகில் விசர்நாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள், பாறு முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024 இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பாறு இருந்து அழிந்த மாவட்டங்களில் மனித மரணம் 4 வீதத்துக்கு மேல் கூடியது. 2000 இலிருந்து 2005 வரையான ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்பது அவர்களது மதிப்பீடு. அழுகிய உடல்களாலும் கெட்ட தண்ணீராலும் நாய்க்கடியாலும் வந்த சாவுகள். இவர்களில் ஒருவருடைய மரணப் பத்திரத்திலும் பாறு என்ற சொல் இருந்திருக்காது.

அடுத்தது மனிதர்கள். வட இந்தியக் கிராமங்களில் செத்த மாட்டைத் தூக்குவதும் தோலுரிப்பதும் தலித் மக்களின் தலையில் சாதியால் சுமத்தப்பட்ட தொழில். தோலுரித்தபின் மிச்சத்தைப் பாறுகள் முடிக்கும். வெள்ளை வெளேரென்று கிடக்கும் எலும்பைப் பொறுக்கி ஆலைக்கு விற்றுச் சீவித்தவர்கள் இன்னொரு கூட்டம். பாறுகள் போனபின் இவர்களுக்குக் கிடைத்தது அழுகல் ஒட்டிய எலும்பும் நாய்களும். 2016 யூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைப் பசுவைக் கொன்றதாகச் சொல்லிக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு எதிராக எழுந்தவர்கள் செத்த மாடுகளை அரச அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள், இனி நீங்களே அகற்றுங்கள் என்று. துப்புரவு செய்கிறவர்கள் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதைப் பாறு சாவால் காட்டியது. இவர்கள் வேலைநிறுத்தத்தால் காட்டினார்கள்.

மூன்றாவதாகப் பார்சிகள். இவர்களது கதை எங்களுக்கு மிக நெருக்கமானது. ஈரானில் தமது சரதுஸ்திர சமயத்தைக் காப்பாற்ற முடியாமல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சான் கரைக்கு வந்த அகதிகள் இவர்கள். நாடு நிரம்பிவிட்டது என்று காட்ட அரசன் ததும்பும் பாற்பாத்திரம் ஒன்றை அனுப்பினான் என்றும், பார்சிக் குரு அதில் சீனியைக் கரைத்துத் திருப்பி அனுப்பினார் என்றும் ஒரு கதை அவர்களிடம் வழங்குகிறது. பாலில் கரைந்த சீனியாக இருக்க வேண்டுமென்றுதான் ஒவ்வொரு நாடும் அகதியிடம் கேட்கிறது. பார்சிகள் உடுப்பில் கரைந்தார்கள், பாசையில் கரைந்தார்கள். இறந்தவரை வழியனுப்புவதில் மட்டும் கரையவில்லை. மண்ணையும் நெருப்பையும் நீரையும் பிணத்தால் அசுத்தப்படுத்தக் கூடாது என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே உயரமான வட்டக் கோபுரத்தின்மேல் உடலைப் பாறுகளுக்குக் கொடுப்பார்கள். செத்தபின் செய்யும் கடைசித் தருமம் அது. மும்பையின் மலபார் குன்றில் 1670கள் முதல் இது நடந்து வந்தது.

பாறுகள் போயின. உடல்கள் அப்படியே கிடந்தன. வெயிலைக் குவித்து உடலை வரட்டக் கண்ணாடிகள் பொருத்தினார்கள். மழைக்காலத்தில் வெயில் எங்கே? சமூகம் இரண்டாகப் பிரிந்து வாக்குவாதப்பட்டது. தகனத்தைத் தெரிவு செய்வோருக்கென 2015 இல் வொர்லி மின்தகனசாலையில் ஒரு தொழுகை மண்டபம் திறக்கப்பட்டது. 2024 ஒக்ரோபரில் மறைந்த தொழிலதிபர் ரத்தன் டாட்டாவின் உடலும் வொர்லியில்தான் தகனமாகியது. ஆயிரம் ஆண்டுகளாக அரசுகள் பல மாறியும் காப்பாற்றி வைத்திருந்த வழக்கம் ஒரு மாட்டு மருந்தால் ஆட்டம் கண்டது. இங்கே எங்கள் செத்தவீடுகளில் தகனசாலை ஒதுக்கித் தரும் அரைமணி நேரத்துக்குள் சுண்ணமும் இடித்து, வாய்க்கரிசியும் போட்டு, அடுத்த குடும்பம் வாசலில் நிற்கிறதே என்று அவசரப்படுகிற எங்களுக்குப் பார்சிகளின் வாக்குவாதம் விளங்காமல் இருக்க முடியாது.

*

இனி, செய்யப்பட்டவை. 2006 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் மாட்டுக்கான டைக்ளோபெனக்கைத் தடைசெய்தன. வங்காளதேசம் 2010 இல். மெலொக்சிகம் என்ற மாற்று மருந்து பாறுகளைக் கொல்லாது என்று அதற்குள் நிரூபித்திருந்தார்கள். தடை வந்தபின்னும் மனிதருக்கான பெரிய போத்தல்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். எனவே மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் வரக்கூடாதென்று இந்தியா 2015 இல் விதித்தது. அதே வேலையைச் செய்யும் கீற்றோபுரொபென், அசிக்குளோபெனக் என்ற இரண்டும் 2023 இல் மாட்டுக்குத் தடையாயின. ஹரியானாவின் பிஞ்சூரில் விபு பிரகாஷும் தோழர்களும் பாறுகளைக் கூட்டில் வளர்த்து இனம்பெருக்கினார்கள். தென்னகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஒரு சிறு கூட்டம் தப்பியிருக்கிறது.

எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்குப் பிடித்தமான செய்தி நேபாளத்திலிருந்து வந்தது. நவல்பராசி மாவட்டத்தின் பிதௌலி கிராமத்தில் 2006 இல் ஊர்மக்கள் ஒரு றெஸ்ரோறன்ற் திறந்தார்கள். பெயர் ஜடாயு றெஸ்ரோறன்ற். வாடிக்கையாளர்கள் பாறுகள். கிழடு தட்டிய மாடுகளை ஊரவரிடமிருந்து பெற்று, கடைசிவரை பராமரித்து, இயற்கையாகச் செத்தபின் மருந்து கலக்காத உடலைப் பாறுகளுக்கு வைப்பார்கள். சீதைக்காகச் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் தகப்பனுக்குச் செய்வது போலக் கிரியை செய்தான் என்பது கதை. அந்தப் பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதைச் சுற்றிக் கூடுகள் மெல்லக் கூடின. நேபாளத்தின் பாறுத் தொகை சரிவது நின்று ஏறத் தொடங்கியது. பாயிடம் இதைச் சொன்னபோது, அங்கே கோப்பை கழுவ ஆள் தேவையில்லை, வாடிக்கையாளர்களே கழுவிவிட்டுப் போவார்கள் என்றார்.

நாங்கள் வாழும் ஐரோப்பாவுக்கு இந்தப் படிப்பினை எட்டவில்லை. ஐரோப்பாவின் பாறுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வாழ்வது ஸ்பெயினில். அந்த ஸ்பெயின் 2013 இல், தெற்காசியா தடைசெய்து ஏழு ஆண்டுகள் கழித்து, கால்நடைக்கு டைக்ளோபெனக்கை அனுமதித்தது. எங்கள் கட்டுப்பாடு இறுக்கமானது, இந்தியா மாதிரி நடக்காது என்றார்கள். 2020 இல் கற்றலோனிய மலையில் ஒரு கரும்பாறுக் குஞ்சு கூட்டிலேயே செத்துக் கிடந்தது. அதற்குள் அந்த மருந்து இருந்தது.

*

இவ்வளவையும் வாசித்து முடித்தபின் எங்கள் மனதில் தங்கியது அந்த 353 என்ற எண்தான். விபு பிரகாஷ் அதை எழுதியபோது அது ஒரு மாணவனின் குறிப்பு. யாரையும் குற்றஞ்சாட்டவில்லை, எந்த அழிவையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து அதுவே சாட்சியாகியது. அந்த எண் இல்லாதிருந்தால், முன்னர் நிறைய இருந்தனவே என்று கிழவர்கள் சொல்வார்கள், கிழவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எங்களிடமும் அப்படியொரு கணக்கு இருக்கிறது. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர். நிவாரணத்துக்காகவும் பங்கீட்டுக்காகவும் வழமைபோல எழுதப்பட்ட பதிவு. 2009 யூலையில் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். 2021 இல் மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இந்த இரண்டையும் வைத்து, மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். இன்றுவரை பதில் இல்லை. ஆனால் கேள்வி நிற்கிறது. அது நிற்பது, குண்டுகளுக்கு நடுவில் பங்குழிக்கருகில் இருந்து பெயர் எழுதிய கிராமசேவகர்களின் பதிவேட்டின் மேல். அவர்களுக்கும் அது அன்று வெறும் வேலைதான்.

கவிதை எழுதுகிறோம், துக்கம் அனுட்டிக்கிறோம், அதில் குறைவில்லை. எங்கள் ஊர்களில் எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தது, எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், இந்த நகரத்தில் உறவில்லாமல் செத்த எங்கள் பெடியன்கள் எத்தனை பேர் என்று எழுதி வைக்கிறோமா? அது தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்ற கிழமை பாயிடம் எல்லாவற்றையும் சொன்னோம். தட்டிலிருந்த குழாயை எடுத்துப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். திரும்பவும் இருந்த இடத்திலேயே வைத்தார். நோ அவருக்கும் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வாய்க்கால் கரையில் ஷீஷம் மரங்கள் நாலு, அவற்றில் ஏழு கூடு. பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த அரசில் மூன்று. மாமன் வீட்டு எல்லையில் ஒன்று, அது 1989 மழைக்கு விழுந்துவிட்டது. நாங்கள் ஓர்டர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம். பதினொன்று வந்தது. இன்னொரு மரம் இருந்தது, நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.